பின்சி நீக்கிய வரி

பின்சி வண்டிப்பெரியாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையின் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். வேலை முடிந்து அறைக்கு வந்தால் லினக்ஸ் கெர்னலைத் திறந்து வைத்துக்கொள்வாள். கணினியின் உறுப்புகளையெல்லாம் இயக்குகிற அடிப்படை நிரல் அது. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது. அதில் பின்சி பெரிதாக எதையும் கட்டவில்லை. எழுத்துப்பிழை திருத்துவாள், பயனில்லாத வரிகளை நீக்குவாள். அந்தந்தப் பகுதியின் பொறுப்பாளர் ஏற்றுக்கொண்டால் திருத்தம் அவள் பெயரோடு உள்ளே போகும்.

முதல் திருத்தம் உள்ளே போனபோது அவள் அப்பா சுவக்கீன், ஞாயிறு பூசை முடிந்து வந்தவர்களை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "எம் மக பேரு லோகத்துல எல்லா கம்ப்யூட்டர்லயும் கெடக்கு, பாத்துக்கிடுங்க."

அப்படித்தான் ஒருநாள், பழைய வைஃபை கருவி ஒன்றுக்கான நிரலில் அந்த வரி அவள் கண்ணில் பட்டது. கருவியிலிருந்து ஓர் எண்ணைப் படிக்கிறது, படித்ததை எதற்கும் பயன்படுத்தவில்லை. நீக்கி அனுப்பினாள். "கருவியில் போட்டுப் பார்த்தீர்களா?" என்று பொறுப்பாளர் கேட்டார். பார்த்தேன் என்று எழுதினாள். அந்தக் கருவியை அவள் கண்ணால்கூடக் கண்டதில்லை. ஒரு வரிதானே என்று நினைத்தாள்.

மாதங்கள் கழித்து பொலிவியாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் மலைப்பள்ளி ஆசிரியர். லினக்ஸின் புதிய பதிப்பைப் போட்ட பிறகு, பள்ளியின் பழைய மடிக்கணினிகள் எதிலும் இணையம் வரவில்லை. பிள்ளைகள் ஒரு பருவப் பாடத்தைத் தவறவிட்டிருந்தார்கள். அவர் பதிப்பு பதிப்பாகப் பின்னால் போய்த் தேடி, பின்சியின் திருத்தத்தில் வந்து நின்றிருந்தார். "நான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்று முடித்திருந்தார்.

பின்சி அந்த நிரலைத் திறந்து வரி வரியாக மறுபடி படித்தாள். எண் யாருக்கும் தேவையில்லை. ஆனால் அதைப் படிக்கும் செயல்தான் உறங்கும் கருவியை எழுப்பியிருக்கிறது.

உடன் வேலை பார்க்கும் ஜிபியிடம் சொன்னாள். கொழிஞ்சாம்பாறைக்காரன் அவன்.

"அந்த வரிய மறுபடி போட்டுட்டாப் போச்சுங்க. டெஸ்ட் பண்ணலீன்னு எதுக்குங்க சொல்லோணும்? ஆரு கேக்கப் போறாங்க?"

அவன் சொன்னபடியே வரியைத் திரும்பச் சேர்த்து அனுப்பினாள். மறுநாள் பொறுப்பாளரின் பதில் வந்தது. "உங்கள் கருவியில் மட்டும் எப்படி வேலை செய்தது? உங்களிடம் இருப்பது எந்த மாதிரி என்று சொன்னால் உதவியாக இருக்கும்." அதில் சந்தேகத்தின் சாயலே இல்லை. அவர் நம்பித்தான் கேட்டிருந்தார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

திருத்தங்களைப் பற்றிப் பேசும், எல்லோரும் படிக்கும் மின்னஞ்சல் குழுவிலேயே பின்சி எழுதினாள்: "என்னிடம் அந்தக் கருவி இல்லை. சோதித்ததாகச் சொன்னது பொய். ஆசிரியரிடமும் பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்."

பொறுப்பாளர் சுருக்கமாக நன்றி சொன்னார். அவளுடைய முந்தைய திருத்தங்களையும் மறுபடி சரிபார்க்கப் போவதாகச் சேர்த்திருந்தார். அவற்றில் இரண்டு பின்னர் நீக்கப்பட்டன.

அப்பாவுக்குப் போன் செய்தாள். சுவக்கீன் முழுவதும் கேட்டார்.

"அப்போ உம் பேரு போயிருமாம்மா?"

"போகாதுப்பா. நான் அந்த வரிய எடுத்ததும் இருக்கும், பொய் சொன்னதும் இருக்கும். யாரு வேணாலும் படிக்கலாம்."

"நான் கோயில்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டனேம்மா" என்றார் அவர்.

இணையம் வந்துவிட்டதென்று ஆசிரியர் நன்றி எழுதினார். போன பருவத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த மடலைப் பின்சி இரண்டாம் முறை திறக்கவில்லை.

இப்போதும் திருத்தங்கள் அனுப்புகிறாள். ஒவ்வொன்றின் அடியிலும் 'கருவியில் சோதிக்கப்படவில்லை' என்று எழுதிவிடுகிறாள். பெரும்பாலானவற்றை யாரும் ஏற்பதில்லை. ஏனென்று அவள் கேட்பதுமில்லை.