எடிபிளும் ஈட்டபிளும்: பாண்டியம்மாள் அக்காவுக்கு

நேற்று காலை ஆறு மணிக்கு விடுதிச் சமையற்கட்டிலிருந்து உதவியாள் முருகன் அழைத்தார். "அக்கா போயிட்டாங்கண்ணே" என்றவர், அடுப்பைப் பற்றவைக்கலாமா வேண்டாமா என்று கேட்டார்.

செண்பகனூரில் உள்ள எங்கள் விடுதியில் பதினான்கு ஆண்டுகள் பாண்டியம்மாள் அக்கா அடுப்படியிலும் நான் வரவேற்பு மேசையிலும் இருந்தோம். அக்கா மன்னவனூர்க்காரர், பூண்டு விவசாயக் குடும்பம். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் விருந்தாளிகள் வாயிலிருந்து விழும் ஓர் ஆங்கிலச் சொல்லையும் சும்மா விடமாட்டார். கரண்டியோடு என் மேசைக்கு வந்துவிடுவார்.

"தம்பி, எடிபிள்ங்கிறாங்க, ஈட்டபிள்ங்கிறாங்க. ரெண்டும் ஒண்ணா?"

"ஒண்ணுதான்க்கா" என்றேன், சோம்பலில்.

"ஒண்ணுன்னா எதுக்கு ரெண்டு வச்சிருக்கான்?"

அகராதியை எடுக்கவைத்தார். நான் வாசித்ததைக் கேட்டுவிட்டு அவரே சுருக்கினார்: "அப்ப எடிபிள்னா, தின்னா சாவ மாட்டோம். ஈட்டபிள்னா, தின்னா மொகம் கோணாது."

அடுத்த மழைக்காலத்தில் ஒரு விருந்தாளி பைன் காட்டில் பறித்த காளான்களைக் கூடையில் கொண்டுவந்து, வறுத்துத் தரச் சொன்னார். அவருடைய இரண்டு குழந்தைகளும் மேசையில் காத்திருந்தார்கள். நானே கூடையை உள்ளே கொண்டுபோய், "சாப்பிடலாமாம்க்கா" என்றேன். வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

"அவரு சொன்னது எந்த வார்த்தை?"

"ஈட்டபிள்."

அக்கா அடுப்பை அணைத்தார். "அது ருசிப் பேச்சுல்ல? உசுரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. வெரசாப் போய்க் கேளு."

கேட்டேன். முன்பு எங்கோ தின்ற காளான் ருசியாக இருந்ததாம்; இதுவும் அதைப் போலவே இருக்கிறதாம். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

காளான்கள் குப்பைக்குழிக்குப் போயின. விருந்தாளி கோபித்துக்கொண்டு மறுநாளே கிளம்பினார். முதலாளியிடம் அக்கா திட்டு வாங்கினார். அது நச்சுக்காளான்தானா என்று இன்றுவரை தெரியாது. "ஒண்ணையாவது எடுத்து வச்சு, யாருகிட்டயாச்சும் கேட்டிருக்கலாம்" என்று அக்கா பல நாள் அங்கலாய்த்தார். எனக்கோ இன்றும் அந்தக் குழந்தைகள்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

சென்ற வாரம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். கஞ்சியைப் பாதியில் தள்ளிவைத்திருந்தார்.

"கஞ்சி எப்படிக்கா இருக்கு?"

கண்ணில் அதே குறும்பு. "எடிபிள், தம்பி."

நேற்று மாலை தகனம் முடிந்து விடுதிக்குத் திரும்பினோம். முருகன் ரசம் வைத்திருந்தார். சோற்றில் ஊற்றிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"எடிபிள்தான் முருகா" என்றேன்.

சிரித்தார். பிறகு அழுதார், நானும்தான்.

போய் வாருங்கள் அக்கா. அந்த இன்னொரு சொல் உங்களோடு போயிற்று.