என் மகளுக்கு நான் வைத்த பத்தியம்

என் மகள் முதல் முறை கருவுற்றிருந்தபோது கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகளை நான்தான் குப்பையில் போட்டேன். மலம் கறுப்பாகப் போகிறது என்று அவள் சொன்னதும், பிள்ளையும் கறுப்பாகப் பிறந்துவிடுமோ என்று பயந்துவிட்டேன். அப்போது நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு உடல்நலப் பாடமும் எடுத்துக்கொண்டிருந்தேன். கீரை, முட்டை, ஆரஞ்சுப் பழம் என்று காலையில் கரும்பலகையில் எழுதியவள், மாலையில் அந்த மாத்திரைகளின் மேல் பழைய செய்தித்தாளைப் போட்டு மூடினேன்.

சிங்கப்பூருக்குத் தன்னாட்சி கிடைத்த மறுவருடம் அது. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தேன். கணவர் போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகியிருந்தது. மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். பிரசவத்துக்காக மகளை என்னோடு வைத்துக்கொண்டேன். பையன் பிறந்தான். ரத்தம் நிறையப் போயிற்று. காகிதம் போல வெளுத்து வீட்டுக்கு வந்தாள்.

வந்த அன்றே பத்தியத்தைத் தொடங்கினேன். மிளகு ரசமும் சோறும், சுட்ட கருவாடு, பூண்டு. கீரையும் பழமும் குளிர்ச்சி என்று நிறுத்தினேன். தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும், புண் ஆறாது என்று சோற்றோடு அரை டம்ளர் வெந்நீர் மட்டும் கொடுத்தேன்.

இதை ஏன் அவ்வளவு பிடிவாதமாகச் செய்தேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். இவளுக்கு முன் எனக்கு ஒரு பையன் பிறந்து, ஒன்பதாம் நாள் ஜன்னி கண்டு இறந்தான். தாகம் பொறுக்காமல் நான் ஒருநாள் இளநீர் குடித்திருந்தேன். அதனால்தான் போனான் என்றார்கள். நான் நம்பினேன். ஆசிரியர் பயிற்சியில் எத்தனையோ படித்த பிறகும் அதை மட்டும் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கும் சீன மிசி, அந்த நர்ஸ், மகளின் கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு என்னைத் திட்டினாள்.

"அம்மா, தண்ணி குடு லா! தண்ணி இல்ல, பால் எங்க வரும்? சாயூர், கீரை காய், முட்டை, எல்லாம் குடு!"

"குடுக்கிறேன், மிசி" என்று தலையாட்டினேன். கொடுக்கவில்லை.

கீழே மளிகைக் கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பத்துப் பெண் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று வாசலிலேயே மறித்தேன்.

"ஏன் டீச்சரக்கா, புள்ள பெத்தவளா, ஜெயில் கைதியா? கைதிக்குக்கூடத் தண்ணி ஊத்துறாங்க!" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். நானும் சிரித்துத்தான் அவளை அனுப்பினேன்.

உள்ளே மகள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "அம்மா, ஒரு வாய் தண்ணி குடும்மா. நாக்கு ஒட்டுது."

"முப்பது நாள் பொறுத்துக்கடி. உன் நல்லதுக்குத்தானே சொல்றேன்."

பன்னிரண்டாம் நாள் மதியம் அவளைப் படுக்கையில் காணவில்லை. பொதுக் குளியலறைக் குழாயடியில் குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் குடித்துக்கொண்டிருந்தாள். நான் அந்தக் கைகளின் மேல் அடித்தேன். தண்ணீர் சிதறியது. "உன் பிள்ளையைக் கொல்லப் பாக்கிறியா?" என்று கத்தினேன். அவள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அதன்பின் அவள் எதையுமே கேட்கவில்லை. வைத்ததில் இரண்டு கவளம் தின்றாள். பிள்ளை அழுதால் சுவரைப் பார்த்தாள். கண்ணை மூடுவதே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை வந்த மருமகனிடம், "இப்பதான் மாப்பிள்ளை, சொன்ன பேச்சு கேக்குறா" என்று சந்தோஷமாகச் சொன்னேன்.

மூன்று வாரம் ஆகியிருக்கும். சந்தையிலிருந்து திரும்பியபோது பிள்ளை வெறும் தரையில் கிடந்து கதறிக்கொண்டிருந்தான். அவள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"புள்ள அழுவுதே, தூக்கக் கூடாதா?"

"யார் புள்ள?"

"என்னடி கேள்வி இது? உன் புள்ளதான்."

"என் புள்ள இல்ல. உங்க புள்ள. நான் தொட்டா செத்துடும். நீங்களே வச்சுக்குங்க." என்னை ஒருநாளும் அவள் 'நீங்க' என்று பேசியதில்லை.

மனநல மருத்துவமனையில் நாலு மாதம் இருந்தாள். ரத்தம் மிகவும் குறைந்திருக்கிறது, உடம்பு வறண்டு கிடக்கிறது என்றார் டாக்டர். பிரசவத்துக்குப் பிறகு சில பெண்களுக்கு மனம் இப்படிக் கலங்குவது உண்டு, சாப்பாட்டுக் குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம், அது மட்டும்தான் என்று சொல்ல முடியாது என்றார். என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொன்னாரோ என்னவோ. அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லோடுதான் இத்தனை வருடமாக எழுந்து பள்ளிக்குப் போய் வருகிறேன். உடல்நலப் பாடத்தை மட்டும் வேறொரு டீச்சருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

அங்கிருந்து அவள் நேராகக் கணவன் வீட்டுக்குப் போனாள். பிள்ளையை என்னிடமே விட்டுவிட்டாள். அவனுக்கு இப்போது நாலு வயது. என்னைத்தான் அம்மா என்கிறான். மாதம் ஒருமுறை அவனை அழைத்துக்கொண்டு போவேன். தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையிடம் பேசுவது போல, "சாப்பிட்டியா?" என்று கேட்பாள். அவன் என் பின்னால் ஒளிந்துகொள்வான். அவளும் வற்புறுத்த மாட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன் போயிருந்தபோது, அவள் மறுபடி உண்டாகியிருப்பதை மருமகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஐந்து மாதமாம். பஸ் நிறுத்தம் வரை என்னுடன் வந்தவரிடம் கேட்டேன்.

"மாத்திரை கொடுத்தாங்களா, மாப்பிள்ளை? ஒழுங்கா சாப்பிடுறாளா?"

அவர் பையனின் தலையைத் தடவினார். "எல்லாம் சாப்பிடுறா அத்தை. மீன், கீரை, மாத்திரை, எல்லாம். நீங்க வந்துட்டுப் போனா மட்டும் ரெண்டு நாளைக்கு எதையும் தொட மாட்டேங்குறா."

பஸ் வந்தது. ஏறிக்கொண்டோம். அடுத்த மாதம் நான் போகவில்லை. இந்த மாதமும் போகவில்லை. அங்கே போகவில்லையா என்று பையன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.