ஆனி மாதத்தில் வெயில் அடிக்குமாம்!

போன வாரம் நம் பழவேற்காட்டில் ஓர் அதிசயம் நடந்தது. ஆனி மாதத்தில் வெயில் அடிக்கும் என்பதை முன்கூட்டியே கண்டுபிடித்துவிட்டார்கள்!

கண்டுபிடித்தவர் டச்சுக் கோட்டையின் துரை. சீமையிலிருந்து கப்பலில் வந்த ஒரு கண்ணாடிக் குழாய், அதற்குள் பாதரசம். அது ஏறினால் வறட்சி, இறங்கினால் மழை. திங்கட்கிழமை காலை துரை அதை உற்றுப் பார்த்தார். பிறகு கோட்டைத் துபாஷியாகிய என்னைக் கூப்பிட்டார்.

"எழுதிக்கொள். இந்த வாரம் முழுக்க வெயில். மேகம் இல்லை. மழை இல்லை. மேற்கிலிருந்து காற்று."

இதைத் தமிழில் சொல்ல ஒரு துபாஷி. ஊரைக் கூட்ட ஒரு தமுக்கு. வியர்வை ஒழுக ஒழுகக் குப்பம் குப்பமாகப் போய், "வெயில் அடிக்கப் போகிறது" என்று அறிவித்தேன். யாரும் மயங்கி விழவில்லை.

எல்லம்மா மட்டும் பதில் சொன்னாள். ஏரிச் சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். ஏரியில் எங்கே முழங்கால் ஆழம், எங்கே கழுத்தளவு என்பது அவள் காலுக்குத் தெரியும்.

"இன்னா துபாஷிய்யா, வெயிலடிக்கும்னு சொல்றதுக்கா தமுக்கு? மேக்காத்து நாலு நாள் அடிச்சா மேக்கால ஏரித் தண்ணி வத்திப் பூடும். அந்தப் பக்கம் படகு எறக்காதீங்கன்னு உங்க தொரைக்குச் சொல்லு. அதான் சேதி!"

கோட்டைக்குத் திரும்பினேன். துரை ஆவலோடு கேட்டார்: "மக்கள் என்ன சொல்கிறார்கள்?"

"தங்கள் அறிவை வியக்கிறார்கள், துரையே."

ஏன் அப்படிச் சொன்னேன்? பழக்கம்தான். பத்து வருஷமாக இரண்டு பக்கமும் இனிக்கிற மாதிரிதான் பேசி வருகிறேன். துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவன் என்கிறார்கள்... இரண்டிலும் உண்மை பேச வேண்டும் என்று யாரும் விதிக்கவில்லையே!

செவ்வாய், வெயில். புதன், வெயில். துரைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வியாழனன்று கண்ணாடிக் குழாயைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, மேற்குக் கரையில் இருக்கும் சுண்ணாம்புக்குளத்துக்குப் புறப்பட்டார். அங்கேயும் வெயில் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். நானும் கூடப் போனேன். படகு தள்ள இரண்டு பேர். இருவருமே கோட்டைச் சம்பளக்காரர்கள். வாயை மூடிக்கொள்வதில் என்னைவிடத் தேறியவர்கள்.

கரைக்கு இன்னும் அரை நாழிகை வழி இருக்கும். படகு சேற்றில் உட்கார்ந்தது.

தள்ளினார்கள். நகரவில்லை. இறங்கித் தள்ளினார்கள். தொடை வரை புதைந்தார்கள். சுற்றிலும் வெடிக்கத் தொடங்கிய சேறு, நெருப்பாகக் காற்று. நிழலுக்கு ஒரு நாணல்கூட இல்லை. குடத்துத் தண்ணீரில் பாதியைத் துரை ஏற்கெனவே முகம் கழுவித் தீர்த்திருந்தார்.

உச்சிப் பொழுதுக்குள் மீதியும் முடிந்தது. கம்பளிச் சட்டைக்குள் துரையின் முகம் முதலில் சிவந்தது. பிறகு வியர்ப்பது நின்றது. அம்மாவைக் கூப்பிட ஆரம்பித்தார். சேற்றைப் பற்றி ஒரு வாக்கியம்... அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால்? இந்த மனிதர் செத்தால், கொன்றது வெயிலா, நானா?

எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தினேன். தூரத்துக் குட்டையில் குனிந்திருந்த ஓர் உருவம் நிமிர்ந்தது. எல்லம்மா!

சேற்றில் எங்கே கால் வைக்க வேண்டும் என்று அறிந்தவள், மளமளவென்று வந்தாள். இடுப்பில் கஞ்சிக் கலயம்.

"மொதல்ல அந்தக் கம்பளிய உருவு! ஆளு வெந்து பூட்டாரு."

உருவினோம். ஈரச் சேற்றை அள்ளி அவர் நெஞ்சில் பூசினாள். கஞ்சித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். படகின் பலகையைப் பெயர்த்து, அவரை அதில் கிடத்தி இழுக்கச் சொன்னாள். பெட்டியைப் பார்த்ததும் நின்றாள்.

"இது இன்னா?"

"வானிலை சொல்லும் கண்ணாடி."

"இப்ப இன்னா சொல்லுது?"

திறந்து பார்த்தேன். "வெயில் அடிக்குமாம்."

"நல்லாச் சொல்லுச்சு. இங்கியே கெடக்கட்டும், இழு!"

கரையில் பனை நிழலில் துரை கண் திறந்தபோது, எல்லம்மா என்னைத்தான் வறுத்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கே சொன்னேனே! சொல்லலியா நீ? வாயில இன்னா வச்சினு இருந்தே?"

"என்ன சொல்கிறாள்?" என்றார் துரை, ஈனக் குரலில்.

'தங்கள் நலம் விசாரிக்கிறாள்' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

"ஏரி வற்றும், படகு இறக்காதீர்கள் என்று திங்கட்கிழமையே எச்சரித்தாள். நான்தான் உங்களிடம் சொல்லவில்லை."

கோட்டைக் கம்பத்தில் கட்டி அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்படியானால்... யாருமே வியக்கவில்லையா?"

"இல்லை, துரையே."

வெயில்கூட அவரை அப்படிச் சுட்டிருக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இந்தத் திங்கட்கிழமை அறிவிப்பில் ஒரு வரி கூடியிருக்கிறது. ஏரியில் எங்கே தண்ணீர் இருக்கிறது, எங்கே இல்லை என்று எல்லம்மாவிடம் கேட்டு எழுதிய வரி. கேட்கப் போனவன் நானில்லை. "சேதி எவ்ளோ வேணும்னாலும் சொல்றேன். அந்த ஆளை மட்டும் அனுப்பாதீங்க" என்றுவிட்டாளாம்.

என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். நாள் முழுவதும் துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறேன். துணிக்கட்டு எதுவும் சொல்லாது — எனக்கும் மறைக்க ஒன்றுமில்லை.