கீழத்தெருவுக்கு ஒரு கிணறு

யுத்த காலத்தில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போனதால்தான் எனக்கு அந்த உத்தியோகம் கிடைத்தது. சென்னையில் தண்ணீர்ப் பரிசோதனை படித்துவிட்டு மதுரைக்கு வந்திருந்தேன். நோட்டில் கட்டம் போட்டு ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போனால்தான் எனக்கு வேலை ஓடும்.

ஆரப்பாளையம் தாண்டி மேற்கே, வாய்க்கால் சரிவில் ஒரு பஞ்சாலைக்காரர் சிறிய மின் நிலையம் வைத்திருந்தார். மலையிலிருந்து கம்பி வழியாக மின்சாரம் வந்ததும் யந்திரத்தைப் பெயர்த்து விற்றுவிட்டு, மதகை அடைத்துவிட்டார். யந்திரத்தைச் சுற்றிவிட்டு வெளியேறிய தண்ணீரைத்தான் கீழேயிருந்த ஊர் குடித்துவந்தது. அது நின்றுபோனது. ஏதாவது ஒரு கிணற்றை ஆழப்படுத்தித் தருவதாகச் சர்க்கார் ஒப்புக்கொண்டது. எந்தக் கிணறு என்று சொல்ல ஓவர்சியரோடு என்னை அனுப்பினார்கள்.

அந்த ஊரில் மூன்று கிணறுகள். நான் சீசாவில் மருந்தை விட்டு உப்புப் பார்ப்பதைக் கண்டு ஊர்த் தலைவர் சிரித்தார்.

"என்ன ஓவர்சியரே, இந்தப் புள்ள குடிச்சுப் பாக்காதா?"

"படிச்ச நாக்குண்ணே. சீசாவுக்குள்ள இருக்கு."

கோயில் கிணறு எல்லாவற்றிலும் தேறியது. உப்பு குறைவு. கோடையிலும் வற்றாத ஊற்று. மொத்த ஊருக்கும் காணும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது கீழத்தெரு முனையில் ஒரு பெண் எங்கள் மாட்டுவண்டியை நிறுத்தினாள். இடுப்பில் கைக்குழந்தை.

"எங்களுக்கு எந்தக் கெணறு தாயி?"

"கோயில் கிணறுதான். எல்லாருக்கும் அதுதான்."

அவள் ஓவர்சியரைப் பார்த்தாள். அவர் மாட்டைப் பார்த்தார்.

"அம்புட்டுத்தானா?" என்று சொல்லி வழிவிட்டாள்.

ஓடுகிற தண்ணீருக்குத் தீட்டு இல்லை. வாய்க்காலில் மேலே ஊர்க்காரர்கள் மொண்டார்கள், கீழே கீழத்தெருக்காரர்கள் மொண்டார்கள். கிணறு அப்படியல்ல. கீழத்தெருக் குடம் அந்தக் கயிற்றைத் தொட முடியாது. இது எனக்குத் தெரியாததல்ல. என் நோட்டில் அதற்கு ஒரு கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் கீழத்தெருவில் மட்டும் வாந்திபேதி. யந்திரத்தைப் பெயர்த்த குழியில் தேங்கிய தண்ணீரை அவர்கள் குடித்திருந்தார்கள். அந்தத் தண்ணீரைப் பரிசோதனைக்கு எடுத்துவர மறுபடியும் நான்தான் போனேன். அந்தப் பெண் வாசலில் உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை.

கீழத்தெருவுக்குத் தனிக் கிணறு வேண்டும் என்று எழுதினேன். மேலதிகாரி என் பழைய காகிதத்தையே எடுத்து நீட்டினார்.

"மொத்த ஊருக்கும் காணும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? ஊருக்கு ஒரு கிணறுதாம்மா."

"அது தப்பு சார்."

"தப்புன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். சம்பள உயர்வு நின்றது. ஆனால் தப்பென்று நான் எழுதிய அந்தக் காகிதம் இல்லாமல் மேலதிகாரியாலும் தனிக் கிணற்றுக்கு அனுமதி வாங்கியிருக்க முடியாது.

அடுத்த கோடைக்குள் கீழத்தெருவில் கிணறு வெட்டினார்கள். பாதிக்கு மேல் பாறை. தண்ணீர் சற்று உப்பு, ஆனால் குடிக்கலாம். முதல் வாளியை அந்தப் பெண்தான் இறைத்தாள். நான் மருந்து விட்டுப் பார்த்து முடிக்கும் வரை தெருவே சுற்றி நின்றது.

"குடிக்கலாமா தாயி?"

"குடிக்கலாம்."

ஒருவரும் குடத்தை நீட்டவில்லை.

"இன்னொருக்காப் பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

சீசாவைக் கழுவிவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.