கத்தி படாத கணுக்கால்

என் தாய்மாமா சவூதியில் லாரி ஓட்டினார். விடுப்பில் வந்திருந்தபோது, நெல்லிக்குப்பம் ஆலைக்குப் போகும் சாலையில் டிராக்டர் சிந்திவிட்டுப் போன கரும்பின் மேல் அவருடைய ஸ்கூட்டர் ஏறிச் சறுக்கியது. வலது பாதம் வெளிப்பக்கம் திருகிக்கொண்டு நின்றது. கடலூரில் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, ஆபரேஷன்தான் வழி என்று சிதம்பரத்துக்கு அனுப்பினார்கள்.

காலின் சின்ன எலும்பு உடைந்து பெரிய எலும்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது, அபூர்வமான முறிவு, பெரும்பாலும் அறுக்காமல் விடுபடாது என்றார் சிதம்பரம் டாக்டர். ஆனால் தோல் கொப்புளம் கட்டத் தொடங்கியிருந்தது. அதன்மேல் கத்தி வைக்க அவருக்கு விருப்பமில்லை.

"மயக்கம் குடுத்து ஒரு தடவ இழுத்துப் பாக்குறேன். உக்காந்துச்சுன்னா மாவுக்கட்டு. இல்லன்னா கிழிக்கத்தான் வேணும்."

உட்கார்ந்துவிட்டது. வாரம் தவறாமல் சிதம்பரம் போய்ப் படம் எடுத்தார்கள். எலும்பு நகரவில்லை. அம்மாவின் கவலை வேறு. அது பிரேக்கை மிதிக்கிற கால். தம்பிக்காகக் கம்பெனி எவ்வளவு காலம் காத்திருக்கும்?

கட்டுப் பிரித்த பிறகும் மாமா பள்ளிவாசலில் முதியவர்களோடு ஓரமாக நாற்காலியில் அமர்ந்தே தொழுதார். என் அத்தா கேலி செய்தார்: "என்ன மச்சான், பென்ஷன் வாங்குறவுங்க வரிசையில சேந்துட்டீங்க?" கால் மடங்க மாட்டேன் என்கிறது என்றார் மாமா.

ஒரு மதியம் பாத்திரம் திருப்பிக் கொடுக்க மாமா வீட்டுக்குப் போனேன். உள்ளறையில் அவர் தனியாகத் தொழுதுகொண்டிருந்தார், தரையில். தொழுகையில் உட்காரும் இருப்பில் இடது பாதத்தை மடித்து, வலது பாதத்தை விரல்கள் வளைய நட்டு, முனகல் ஏதுமின்றி அமர்ந்திருந்தார். கால் சரியாகிவிட்டதை அம்மாவிடம் சொல்ல ஓடத் திரும்பினேன். மாமி கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மாகிட்ட சொல்லாதடி. கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு பெருநாளுக்கும் அவுங்க வீட்ல இருந்ததில்ல."

அன்று மாலை அம்மா அங்கே வந்தாள். டிக்கெட் போடச் சொல்லி ஏஜென்ட் நச்சரிப்பதாகச் சொன்னாள். மாமா கணுக்காலைத் தடவினார். மாமி அடுக்களைக்குள் போய்விட்டார். அம்மா அந்தக் காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெருநாள் வரைக்கும் வலிக்கத்தான் செய்யும்," என்று சொல்லிவிட்டு ஏஜென்டுக்குப் போன் போட்டாள்.

மாமி வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். நான் வேகமாகத் தலையாட்டி மறுத்தேன். உண்மையாகவே நான் சொல்லவில்லை. பிறகு யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்கு விளங்கவில்லை.