கழற்றி வைத்த வயர்

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மவுண்ட் வெல்லிங்டன் என்ற பகுதியில் நான் வேலை செய்யும் பட்டறைக்குப் பெரும்பாலும் புல்வெட்டும் இயந்திரங்கள்தான் வரும். இந்த ஊரில் பனி ஏது? ஒருநாள், தொலைவில் மலையில் பனிச்சறுக்கு விடுதியைப் பராமரிக்கும் அருள் அண்ணா பனி தள்ளும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் ரப்பர் துடுப்புகள் தேய்ந்துபோய்ப் பனியை அள்ளவில்லையாம்.

முதலில், என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் வயரைக் கழற்றினேன். போல்ட்டைத் திருகும்போது துடுப்புத் தண்டு சுழன்றுவிடாமல் இருக்க, அதை என்ஜினோடு இணைக்கும் பிடியை இழுத்துக் கட்டினேன். ஒரு துடுப்பை மாற்றியாயிற்று. அடுத்ததை முன்னால் கொண்டுவர, தண்டைப் பலமாகத் திருப்ப எண்ணிக் கையை உள்ளே விட்டுப் பிடித்தேன்.

"தங்கச்சி, நீங்கள் தனிய கஷ்டப்படுறியள், நான் சும்மா நிக்கிறன்," என்றார் அண்ணா மறுபக்கத்திலிருந்து. "இதில ஒரு வயர் கழண்டு தொங்கினது. கொழுவி விட்டிட்டன்."

தண்டைத் திருப்பினால் என்ஜினும் திரும்பும்; வயர் மாட்டியிருந்தால் அது ஓடத் தொடங்கவும் கூடும். கையை இழுக்கவும் பயம். இழுக்கும்போது தண்டு அசைந்தால்?

"அண்ணா, அதைத் திரும்பக் கழட்டுங்கோ."

"ஏன், பிழையாக் கொழுவிட்டனோ?"

"கழட்டுங்கோ!"

'டக்' என்று கேட்ட பிறகே கையை எடுத்தேன். காரணத்தைச் சொன்னதும் அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ, உதவி எண்டெல்லோ நினைச்சனான்."

வயரைக் கழற்றியபோது நான்தான் அவரிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. இப்போதெல்லாம், கழற்றிய வயரின் முனையைத் துணியால் சுற்றிக் கட்டி, பக்கத்தில் நிற்பவரிடம் காரணத்தையும் சொல்கிறேன். அப்படியும் கை உள்ளே போகும்முன், விரல்களை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்துக்கொள்கிறேன்.