எஸ்.பி. கடைசியில்தான் வருவார்

இரத்தம் உப்புக் கரிக்கும் என்பதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை; என் அண்ணன் கணேசனின் முழங்கைக்குக் கீழே சதை மெத்தென்றிருக்கும் இடத்தில் பல் பதியக் கடித்து, அவன் "ஐயோ, உட்றீ பிசாசே" என்று என் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்து ஆட்டியும் விடாமல் தொங்கிக்கொண்டிருந்தபோது நாக்கில் பட்டுத் தெரிந்துகொண்டேன். நான் அப்போது ஆறாம் வகுப்பு. கோபம் வந்தால் கடிப்பேன். பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் 'கடிநாயி'. அதற்காக நான் வருத்தப்பட்டதாகவும் ஞாபகம் இல்லை, கூப்பிட்டவனைக் கடித்ததுதான் ஞாபகம் இருக்கிறது.

அன்றைய சண்டை, சொன்னால் நம்பமாட்டீர்கள், அமெரிக்காவில் ஆடும் பேஸ்பாலால் வந்தது. பட்டுச் சேலையின் முந்தானைக்கு மயிலும் கரைக்கு மாங்காயும் கட்டம் கட்டமாகப் போட்டுக் கொடுப்பது அப்பாவின் வேலை. அதுவரை கிராஃப் தாளில் போட்டுக்கொண்டிருந்தவர், காலத்துக்கு ஏற்றபடி சென்னையிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை, குண்டு மானிட்டரோடு ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். அதை முன்பு வைத்திருந்த புண்ணியவான் அழிக்க மறந்துவிட்டுப் போன விளையாட்டு ஒன்று அதற்குள் கிடந்தது. ஓடுகிற ஆளும் கிடையாது, பறக்கிற பந்தும் கிடையாது; பச்சையாக ஒரு மைதானப் படம், பக்கத்தில் பெயர்ப் பட்டியல், யாரை எறியவிடுவது என்று நாம் தேர்ந்தெடுத்து அழுத்தினால் என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஆடலாம். அப்பா மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரமெல்லாம் அது எங்கள் ராஜ்ஜியம்.

எங்கள் என்றால் கணேசன், நான், தினா. தினா என் அத்தை மகன். அத்தையை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமா அங்கே ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர், குடித்தால் அத்தையை அடிப்பார், குடிக்காவிட்டால் குடிக்க வழியில்லையே என்று அடிப்பார். ஒருநாள் மூட்டையைக் குத்தி இழுக்கிற இரும்புக் கொக்கியால் தினாவின் முதுகைக் கிழித்துவிட்டார். தையல் பிரித்த மறுநாளே அத்தை அவனைப் பள்ளிக்கூடச் சான்றிதழோடு பஸ் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். எட்டாம் வகுப்பு படிக்கிற, பல் நீண்ட, நன்றாகக் கணக்குப் போடுகிற பையன். அவனை எங்களோடு வைத்துப் படிக்கவைக்க வேண்டும், அந்த ஆளிடம் திரும்ப அனுப்பக் கூடாது என்பதுதான் அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் எல்லோர் மனதிலும் இருந்த ஒரே எண்ணம்.

அந்த விளையாட்டில் பந்து எறிகிறவர்கள் ஒவ்வொருவரின் பெயர் பக்கத்திலும் இரண்டு எழுத்து போட்டிருக்கும்: எஸ்.பி., ஆர்.பி., சி.எல். இதில் எஸ்.பி. என்று போட்டிருந்தவர்களே கெட்டிக்காரர்கள் என்பது அவர்களுடைய எண்களைப் பார்த்தாலே தெரிந்தது, ஆனால் அவர்கள் யார்? கிரிக்கெட் பைத்தியமான கணேசன், எஸ்.பி. என்றால் ஸ்பின் பந்துவீச்சு, ஆர்.பி. என்றால் ரைட் பேஸ், அதாவது வலதுகை வேகப்பந்து, ஆகவே வேகம் முதலில், சுழல் பிறகு என்று அடித்துச் சொன்னான். தினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"எஸ்.பி.ன்னா தெரியாதா உங்களுக்கு? போலீஸ் எஸ்.பி.டா. ஆர்.பி.ன்னா ரிசர்வ் போலீஸு. எங்கூட்ல சண்டைன்னா மொதல்ல ஏட்டு வருவாரு, டீ குடிப்பாரு, பூடுவாரு. அவரு போனப்பறம் எங்கப்பாரு இன்னும் ஜாஸ்தி அடிப்பாரு. எஸ்.பி. வந்தாதான் அடங்குவாரு. எஸ்.பி. கடைசியிலதான் வருவாரு."

"உங்கூட்டுக்கு வந்துக்கிறாரா?" என்று நான் கேட்டேன்.

"இன்னும் வர்ல" என்றான்.

சி.எல். என்பது எங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான், வாத்தியார் வராத நாளில் "சார் இன்னிக்கு சி.எல்." என்பார்கள். அந்த எழுத்துப் போட்டவர்கள் லீவில் இருக்கிறார்கள் என்று அவர்களைத் தொடவே இல்லை. ஆக, தினா ரிசர்வ் போலீஸை முதலில் இறக்கி நன்றாக அடி வாங்கவிடுவான். எதிராளி ரன்னாகக் குவித்துக் கொக்கரிக்கும்போது, மொத்தம் ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது எட்டாவதில், இருப்பதிலேயே பெரிய எஸ்.பி.யை அனுப்புவான். படமே இல்லாத அந்த ஆளுக்கு நாங்களே மீசை வைத்து 'மீசை' என்றே பெயரும் வைத்திருந்தோம். மீசை வந்ததும் ஆட்டம் அடங்கும். வந்தவன் எல்லாம் மட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போவான். தினா நாற்காலியில் எழும்பி எழும்பிக் குதிப்பான்.

தோற்றவனுக்கு எத்தனை ரன் வித்தியாசமோ அத்தனை கொட்டு என்பது எங்கள் சட்டம். நடுவிரல் முட்டியை நீட்டி உச்சந்தலையில் இறக்குவது. ஓரிரண்டில் கண் இருட்டும். கணேசனால் தோற்கவும் முடியவில்லை, கொட்டு வாங்கவும் முடியவில்லை. ஒருநாள் மவுஸைப் பிடுங்கி, வயரைக் கையில் சுற்றிக்கொண்டு, கவண் சுற்றுவதுபோலச் சுற்றி தினாவின் புருவத்தில் விட்டான். புருவம் பிளந்து, அப்பா அச்செடுத்து வைத்திருந்த முகூர்த்தச் சேலை டிசைனில் மயிலின் கழுத்து முழுக்க இரத்தம். நான் கணேசனைக் கீறினேன், அவன் என் வயிற்றில் உதைத்தான், சத்தத்தில் அப்பா எழுந்து வந்துவிட்டார்.

அப்பா கை நீட்டும் மனிதர் இல்லை. பயந்த மனிதர். அவர் கணேசனை விட்டுவிட்டு தினாவைப் பார்த்துச் சொன்னார்: "தோ பார்றா, இன்னொரு வாட்டி இந்த ரூம்ல ரத்தத்த பாத்தேன், ஒன்ன வாலாஜாபாத் பஸ்ல ஏத்தி உட்டுடுவேன். அப்பறம் நீயாச்சு, ஒங்கப்பனாச்சு."

சும்மா மிரட்டலுக்குச் சொன்னதுதான், ஆனால் தினா அதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து அவன் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. கணேசன் அதைக் கண்டுபிடித்துவிட்டான், கண்டுபிடித்ததும் அவனுக்கு வெறி பிடித்துவிட்டது. ஜெயித்தாலும் அடித்தான், தோற்றாலும் அடித்தான். தொடையைத் திருகினான், விரலை நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்து உட்கார்ந்தான். தினா உதட்டைக் கடித்துக்கொண்டு, அடிபட்ட இடத்தில் இரத்தம் வந்துவிட்டதா என்று மட்டும் குனிந்து பார்ப்பான். வந்திருந்தால் சட்டையால் துடைத்துவிடுவான். அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்து கணேசனின் கையைக் கடித்துத் தொங்கினேன். இன்றைக்கும் அவன் கையில் அந்தத் தழும்பு இருக்கிறது. நல்லா வேணும் அவனுக்கு.

மாமா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அண்ணனும் தினாவும் ஆடிக்கொண்டிருந்தார்கள். மீசையை தினா ஓய்வே கொடுக்காமல் தினம் தினம் கடைசியில் இறக்கிக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர் கொஞ்ச நாளாகவே மஞ்சளாகி, பிறகு சிவப்பாகி இருந்தது. அது எதற்கென்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அன்று மீசையை அனுப்பி அழுத்தியதும் நீளமாக ஒரு வரி வந்தது. கணேசன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுக் கைதட்டினான்.

"கை போச்சாம்டா! இந்த சீசன் பூரா கெடையாதாம்!"

"எஸ்.பி.க்கு எப்டிடா கை போவும்?" என்று தினா திரும்பத் திரும்ப அதே பெயரை அழுத்திக்கொண்டிருந்தான். அப்போதுதான் வாசலில் "டேய் தினா" என்று குரல் கேட்டது. அவன் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

மாமா குடித்திருந்தார். ஆலையில் தனக்குத் துணைக்கு ஆள் வேண்டும், படித்துக் கிழித்தது போதும், பையனைக் கூட்டிப் போக வந்திருக்கிறேன் என்றார். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "மாப்ள, உள்ள வாங்க, ஒரு வாய் சாப்புடுங்க, பேசிக்கலாம்" என்றார். தங்கையைக் கட்டியவரை எதிர்த்து அவர் ஒரு சொல் சொல்லமாட்டார்; இங்கே சொன்னால் அங்கே தங்கையின் முதுகில் விழும் என்பது அவருக்குத் தெரியும். மாமா அவரைத் தள்ளிக்கொண்டு அறைக்குள் வந்து, இடது கையால் தினாவின் தலைமயிரைப் பிடித்துத் தூக்கினார். நாற்காலி சாய்ந்தது. அத்தனை நாள் தினாவைப் போட்டு மிதித்த கணேசன், எங்கிருந்து வந்ததோ அந்த வேகம், "எங்க தினாவ உட்றா" என்று தலையைக் குனிந்து அவர் வயிற்றில் போய் முட்டினான். மாமா வலது கையைப் பின்னால் கொண்டுபோய் ஒரே அறை. கணேசனின் வாய் சுவரில் மோதி முன்பல் தெறித்து விழுந்தது. நான் அவர் கெண்டைக்காலைக் கடித்தேன். உதைத்த உதையில் மேசைக்கு அடியில் போய் விழுந்தேன். அப்பா "மாப்ள, வேணாம் மாப்ள" என்று அழுதுகொண்டிருந்தார்.

அம்மா கொல்லையில் வெந்நீர் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தவள், கையில் இருந்த சவுக்குக் கட்டையோடு வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அண்ணே, புள்ளைய உட்டுடுங்க."

"நீ உள்ள போம்மா. இது எங்கூட்டு விஷயம்."

"அண்ணே, உட்டுடுங்கன்றேன்."

மாமா தினாவை அறைய வலது கையை ஓங்கினார். அம்மா கட்டையை இரண்டு கையாலும் தூக்கி இறக்கினாள். முருங்கைக் கிளை முறிவதுபோல ஒரு சத்தம். தினாவைப் பிடித்திருந்தது இடது கை. அடி விழுந்தது வலது முன்கையில். அது மணிக்கட்டுக்கு மேலே புதிதாக ஒரு மூட்டு முளைத்ததுபோல மடங்கித் தொங்கியது. அவர் அதைப் பார்த்து, பிறகு அம்மாவைப் பார்த்து, அப்படியே உட்கார்ந்து மாடு கத்துவதுபோலக் கத்தினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மேசைக்கு அடியில் படுத்தபடியே சிரித்தேன்.

அந்தச் சந்தோஷம் மறுநாள் வரைக்கும்தான். அத்தை வந்தாள். தலைவிரி கோலமாக வந்து, எங்கள் வாசல் மண்ணை வாரித் தூற்றி, "எம் புருஷன் கைய ஒடச்ச கூடு வெளங்குமாடி?" என்று தெருவே கூடும்படி அலறினாள். அப்பா, "ஆத்திரத்துல தெரியாம பட்டுடுச்சிம்மா, எங்கியோ போட வந்தது குறி தப்பிச்சி" என்று அவள் காலில் விழாத குறையாகக் கெஞ்சினார். அம்மா கதவோரமாக நின்றாள், வாயே திறக்கவில்லை. "இனிமே மூட்ட தூக்க எங்கூட்ல யாரு இருக்கா? எம் புள்ளைய அனுப்பு" என்றாள் அத்தை. தினா ஏற்கெனவே சட்டைகளை மடித்து வைத்துவிட்டிருந்தான்.

கணேசன் வீங்கிய வாயோடு குழறினான்: "போவாதடா தினா. இனிமே அடிக்கவே மாட்டண்டா."

"எங்கம்மா தனியா இருக்குது இல்ல" என்று சொல்லிவிட்டு தினா அவளோடு போய்விட்டான். யாரை அனுப்பக் கூடாது என்று வருஷம் முழுக்கக் காத்தோமோ, அவன் எட்டாம் வகுப்பைக்கூட முடிக்காமல் மூட்டைக்குக் கீழே போய் நின்றான். இதெல்லாம் அம்மாவால்தான் என்று எனக்கு அவள் மேல் அப்படி ஒரு ஆங்காரம். கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா, சரியாகவாவது போட்டிருக்கக் கூடாதா என்று வாய்விட்டே கேட்டேன். பல நாள் அவளோடு பேசவில்லை. இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை அறுந்தது.

கல்லூரிக்குப் போன பிறகுதான் அந்த எழுத்துகளின் அர்த்தம் எனக்குத் தெரிந்தது. எஸ்.பி. என்பவன் ஸ்டார்ட்டிங் பிட்சர், ஆட்டத்தைத் தொடங்கிவைக்கிறவன். ஒருமுறை எறிந்தால் சில நாள் ஓய்வு கொடுக்க வேண்டும். அவனைத் தினமும் கடைசியில் கொண்டுவந்து நிறுத்தினால் தோள் போய்விடும். நாங்கள் லீவு என்று ஒதுக்கிவைத்த சி.எல்.தான் குளோசர், கடைசியில் வந்து ஆட்டத்தை முடித்துவைக்கிறவனாம். படித்துவிட்டு விடுதி அறையில் தனியாகச் சிரித்தேன், அப்புறம் தினா நினைவு வந்து சிரிப்பு நின்றுவிட்டது.

போன மாதம் மாமா செத்துப்போனார். "சாவுக்காவது போவோம்" என்று அம்மாவே கிளம்பினாள். தினா இப்போது அதே ஆலையில் மேஸ்திரி. கழுத்து தடித்து, தோள் ஒரு பக்கம் இறங்கி, என்னைவிடப் பத்து வயது மூத்தவன் போலிருந்தான். அம்மா அவன் தோளைத் தடவி, "ஒன் படிப்ப கெடுத்துட்டனேடா" என்றாள்.

"அட இன்னா அத்த நீங்க" என்றான் அவன். "அந்தக் கையி அப்பறம் சேரவே இல்ல. சோத்து உருண்டகூட எங்கம்மாதான் உருட்டிக் குடுக்கும். பீச்சாங் கையால ஒருவாட்டி அடிக்க வந்தாரு, எங்கம்மா லேசா புடிச்சி தள்ளி உட்டுச்சி. அதோட சரி. எங்கம்மா அதுக்கப்பறம் அடி வாங்கவே இல்ல அத்த. மூட்டதான, தூக்கினா போச்சி."

வீடு திரும்பியதும் அம்மா நேராகக் கொல்லைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டாள். நான் துண்டோடு காத்து நின்றேன். அந்த அறை இப்போது கணேசனின் வண்டி நிற்கும் இடம். கம்ப்யூட்டரைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டாயிற்று. அதோடு மீசையும் போனான். அப்பாவும் இல்லை. கணேசனின் பெண்கள் ஆளுக்கொரு போனோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த வீட்டில் இப்போது யாரும் யாரையும் கொட்டுவதில்லை, கடிப்பதில்லை.

துண்டை நீட்டிக்கொண்டே, சமாதானமாகப் பேசுவதாக நினைத்துச் சொன்னேன்: "குறி தப்பினதும் நல்லதாத்தான் போச்சி இல்லம்மா?"

அம்மா ஈரத் தலையோடு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாடி குறி தப்பிச்சி? சோத்துக் கையின்னு பாத்துத்தான் போட்டேன்."